எண்ணெயே வேண்டாம் என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் சென்ற வாரம் வந்த கட்டுரையைப் பற்றி எழுதுகிறேன். இதய நோய் வராமல் இருக்க எண்ணெய், கொழுப்பு எல்லாவற்றையும் அடியோடு விட்டுவிட வேண்டும் என்றது அந்தக் கட்டுரை. அத்தோடு நிற்காமல், உடம்புக்குத் தேவையான கொழுப்பை உடம்பே தயாரித்துக்கொள்ளும், வெளியிலிருந்து ஒரு சொட்டும் வேண்டாம் என்றும் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். அது தவறு. நம்பிக் கடைப்பிடிப்பவருக்குக் கெடுதல் செய்யக்கூடிய தவறு.

நான் மருத்துவமனை உயிர்வேதியியல் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பணியின் பிற்பகுதியில் என் பொறுப்பில் இருந்தது, இரத்தத்தில் உள்ள கொழுப்பு அமிலங்களைப் பிரித்து அளக்கும் வேலை. கொலஸ்ட்ரால் பரிசோதனை எல்லாருக்கும் தெரியும், இது வேறு. எந்தக் கொழுப்பு அமிலம் எவ்வளவு இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது. அதையே பார்த்துப் பழகியதாலோ என்னவோ, கொழுப்பு என்று மொத்தமாக ஒரே மூட்டையில் கட்டி நல்லது கெட்டது சொல்வதைப் படித்தால் மனசு பொறுப்பதில்லை.

நம் உடம்பு சர்க்கரையிலிருந்தே கொழுப்பு செய்துகொள்ளும் என்பது உண்மைதான். பால்மிடிக், ஸ்டியரிக், ஓலிக் ஆகிய அமிலங்களை அதனால் செய்ய முடியும். ஆனால் இரண்டை மட்டும் செய்ய முடியாது. ஒன்று லினோலிக் அமிலம், இது ஒமேகா-6 குடும்பம். மற்றது ஆல்ஃபா லினோலெனிக் அமிலம், ஒமேகா-3 குடும்பம். இரண்டுமே 18 கார்பன் கொண்ட சங்கிலிகள். அந்தச் சங்கிலியில் 9ஆவது கார்பனைத் தாண்டி, வால் முனைப் பக்கமாக இரட்டைப் பிணைப்பு போடும் நொதிகள் தாவரங்களிடம் இருக்கின்றன, நம்மிடம் இல்லை. எவ்வளவு சத்தாகச் சாப்பிட்டாலும் இல்லாத நொதி வந்துவிடப் போவதில்லை. அதனால் இந்த இரண்டும் உணவில்தான் வந்தாக வேண்டும். வந்துவிட்டால் அவற்றை வைத்து மற்ற நீளமான அமிலங்களை உடம்பு கட்டிக்கொள்ளும்: லினோலிக்கிலிருந்து அராக்கிடோனிக், ஆல்ஃபா லினோலெனிக்கிலிருந்து இபிஏ, அப்புறம் டிஎச்ஏ என்ற நீண்ட ஒமேகா-3 அமிலங்கள். கடைசி இரண்டையும் மிகக் குறைவாகத்தான் செய்யும்.

இது நேற்று வந்த கண்டுபிடிப்பு அல்ல. 1929இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதியர் எலிகளை வைத்துச் செய்த சோதனையில் வெளிவந்தது. கொழுப்பு என்பது வெறும் கலோரி, கூடவே சில வைட்டமின்களைச் சுமந்து வருவது, அவ்வளவுதான் என்று அன்றைய அறிவியல் உலகம் நம்பியிருந்தது. பர் தம்பதியர் கொழுப்பை மட்டும் முழுமையாக நீக்கிவிட்டு, மற்ற எல்லாச் சத்தும் கொடுத்தார்கள். எலிகளின் வளர்ச்சி நின்றது. வாலில் செதில் செதிலாகப் பிளந்தது. சிறுநீரகம் கெட்டது. கடைசியில் செத்தன. லினோலிக் அமிலம் சிறிதளவு சேர்த்ததும் தேறின. அந்த எலிகள் வழக்கத்தைவிட மிக அதிகமாகத் தண்ணீர் குடித்தன, ஆனால் சிறுநீர் அதற்கேற்பக் கூடவில்லை என்றும் அவர்கள் கவனித்திருந்தார்கள். அந்தத் தண்ணீர் எங்கே போனது என்பதற்கான விடை பல ஆண்டுகள் கழித்தே முழுதாகத் தெரிந்தது. தோல் வழியாகப் போயிருக்கிறது. தோலின் மேலடுக்கில் செல்கள் செங்கல் என்றால், இடையில் பூசிய காரை செரமைடு முதலிய கொழுப்புப் பொருள்கள். அதில் ஒரு வகை செரமைடு லினோலிக் அமிலம் சேர்ந்தால்தான் உருவாகும். அது இல்லாத தோல் ஈரத்தைப் பிடித்து வைக்காது.

எலிக்குச் சரி, மனிதனுக்கு? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க நாளாயிற்று. அந்தக் கதையில்தான் உங்கள் கட்டுரையாளர் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பர் ஆய்வகத்தைச் சேர்ந்த வில்லியம் பிரவுன் என்பவர் தானே முன்வந்து ஆறு மாதம் கொழுப்பு ஏறக்குறைய இல்லாத உணவைச் சாப்பிட்டார். 1938இல் முடிவு வெளியானது. அவர் இரத்தத்தில் லினோலிக்கும் அராக்கிடோனிக்கும் குறைந்தன, ஆனால் தோல் நன்றாகவே இருந்தது. ஆகவே வளர்ந்தவர்களுக்கு இந்தக் கவலை இல்லை என்று பலரும் முடிவு கட்டினார்கள். பிறகு 1968 வாக்கில், வாயால் சாப்பிட முடியாதவர்களுக்குச் சிரை வழியாகவே முழு உணவும் செலுத்தும் முறை அமெரிக்காவில் பரவியது. குளுக்கோஸ், அமினோ அமிலம், உப்புகள், வைட்டமின்கள் எல்லாம் அந்தப் பையில் உண்டு. கொழுப்பு மட்டும் இல்லை. பருத்தி விதை எண்ணெயில் செய்த பழைய கொழுப்புக் கரைசல் பக்க விளைவுகளால் அங்கே கைவிடப்பட்டிருந்தது. சில வாரங்களிலேயே நோயாளிகளின் தோல் செதிலாக உதிர்ந்தது, முடி கொட்டியது, புண் ஆறவில்லை. பெரியவர்களுக்கும்தான்.

பிரவுனுக்கு ஆறு மாதத்தில் வராதது இவர்களுக்குச் சில வாரத்தில் எப்படி வந்தது? இன்சுலினால் வந்தது. வளர்ந்த ஒருவரின் உடற்கொழுப்பில் லினோலிக் அமிலம் நிறையச் சேமிப்பில் இருக்கும். சாப்பாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் இடையில், தூங்கும்போது, அந்தச் சேமிப்பு கரைந்து இரத்தத்துக்கு வரும். பிரவுன் வாயால் சாப்பிட்டார், இடையில் வயிறு காலியாக இருந்தது, சேமிப்பு கைகொடுத்தது. இருபத்துநாலு மணி நேரமும் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தவர்களுக்கு இன்சுலின் இறங்கவே இல்லை. இன்சுலின் உயர்ந்திருக்கும் வரை கொழுப்புத் திசு எதையும் வெளியே விடாது. உடம்புக்குள்ளேயே இருந்தும் பயன்படவில்லை.

எண்ணெயை நிறுத்திப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆகாதது பழைய சேமிப்பின் புண்ணியம். அது எல்லாரிடமும் ஒரே அளவில் இருப்பதில்லை. குழந்தையிடம் மிகக் குறைவு, குறைமாதத்தில் பிறந்த குழந்தையிடம் இல்லை என்றே சொல்லலாம்.

ஒமேகா-3 பக்கத்துக்கும் இப்படி ஒரு சான்று உண்டு. வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து, குடலின் பெரும்பகுதியை இழந்த ஆறு வயதுச் சிறுமி ஒருத்திக்குச் சிரை வழி உணவு கொடுத்தார்கள். அதில் கொழுப்பும் இருந்தது, ஆனால் அது குசும்பா எண்ணெயில் செய்த கரைசல். லினோலிக் ஏராளம், ஆல்ஃபா லினோலெனிக் இல்லாத குறை. சில மாதங்களில் கை கால் மரத்துப்போனது, நடக்க முடியவில்லை, பார்வை மங்கியது. சோயா எண்ணெய்க் கரைசலுக்கு மாற்றியதும் அந்தத் தொந்தரவுகள் போயின. ரால்ஃப் ஹோல்மனும் உடன் பணியாற்றியவர்களும் 1982இல் இதை வெளியிட்டார்கள். கொழுப்பு கொடுத்தும் தவறான கொழுப்பாக இருந்தது. எது என்று கேட்காமல் எவ்வளவு என்று மட்டும் கேட்டால் இப்படித்தான் ஆகும்.

இனி நான் என் கண்ணால் பார்த்தது. பிளாஸ்மாவிலிருந்து, அதாவது இரத்தத்தின் திரவப் பகுதியிலிருந்து, கொழுப்பைக் கரைப்பானால் பிரித்து, மெத்தனாலோடு வினைபுரிய வைத்து, கேஸ் குரோமட்டோகிராஃப் கருவியில் செலுத்துவோம். பல மீட்டர் நீளமுள்ள மெல்லிய குழாய்க்குள் ஓடி, ஒவ்வொரு அமிலமாக வெளியே வரும். ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு பீக், அதாவது முகடு, எழும். பால்மிடிக் முதலில், பிறகு ஸ்டியரிக், ஓலிக், லினோலிக், பின்னால் அராக்கிடோனிக். அராக்கிடோனிக்குக்குச் சற்று முன்னால் ஓர் இடம் இருக்கிறது, ஆரோக்கியமானவரிடம் அங்கே கோடு ஏறக்குறைய தட்டையாகவே போகும். லினோலிக்கும் ஆல்ஃபா லினோலெனிக்கும் கிடைக்காதபோது, அவற்றை நீட்டும் அதே நொதிகள் ஓலிக் அமிலத்தையே பிடித்து நீட்டி ஒரு மாற்றுச் சரக்கைச் செய்யும். மீட் அமிலம் என்று பெயர். அதன் பீக் அந்த இடத்தில்தான் எழும். மீட் அமிலத்தை அராக்கிடோனிக்கால் வகுத்து வரும் எண் 0.2ஐத் தாண்டினால் குறைபாடு என்பது எங்கள் கணக்கு.

சிறுகுடலில் பெரும்பகுதியை அறுவைச் சிகிச்சையில் எடுத்துவிட்ட ஒருவரின் மாதிரி ஒரு நாள் வந்தது. தாளில் எழுதியிருந்த குறிப்பு: தோலில் செதில், முடி உதிர்வு, ஆறாத புண். ஓட்டினேன். தட்டையாக இருக்க வேண்டிய இடத்தில் தெளிவாக ஒரு பீக், பக்கத்தில் அராக்கிடோனிக் குள்ளமாக. வகுத்துப் பார்க்காமலே தெரிந்தது. இன்னொரு முறை ஓட்டியும் அதேதான். பிறகு உணவியல் நிபுணரிடம் கேட்டபோது விவரம் வந்தது. அவருக்கு எளிதில் உட்கிரகிக்கும் எம்சிடி எண்ணெய் கொடுத்திருந்தார்கள். பித்த நீர் இல்லாமலும் ஏறிவிடும் என்பதால் குடல் நோயாளிகளுக்கு அது நல்ல எரிபொருள். ஆனால் அதில் 8, 10 கார்பன் கொண்ட குட்டைச் சங்கிலிகள்தான் உண்டு, லினோலிக் கிடையாது. அதனால் கூடவே சாதாரணத் தாவர எண்ணெயும் கொஞ்சம் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். அவர் சேர்க்கவில்லை. கொழுப்பு கெடுதல் என்று எங்கோ படித்ததை நம்பி, மருந்தாகக் கொடுத்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்திவிட்டார்.

படித்தவர், விவரமானவர், தன் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அப்படிச் செய்தார். சில நாள் சிரை வழியாகக் கொழுப்புக் கரைசலும், பிறகு அளந்து எண்ணெயும் கொடுத்தார்கள். அடுத்தடுத்து வந்த மாதிரிகளில் அந்த பீக் தேய்ந்துகொண்டே வந்தது. தோலும் சரியாயிற்று. உங்கள் கட்டுரையைப் படித்தபோது எனக்கு அவர் நினைவுதான் வந்தது. அச்சில் வருவதை மக்கள் நம்புகிறார்கள் ஐயா.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. பலவகை உணவும் சாப்பிடும் ஆரோக்கியமான பெரியவருக்கு இந்தக் குறைபாடு வருவது மிக அரிது. தேவையும் கொஞ்சம்தான். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு, குறைபாடு வராமல் இருக்க மொத்தக் கலோரியில் 2.5 விழுக்காடு லினோலிக், 0.5 விழுக்காடு ஆல்ஃபா லினோலெனிக் வேண்டும் என்றது. நாளொன்றுக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு இது ஏறக்குறைய 5.5 கிராம் லினோலிக், ஒரு கிராமுக்குச் சற்று மேல் ஆல்ஃபா லினோலெனிக். சாதாரண சூரியகாந்தி எண்ணெயில் பாதிக்கு மேல் லினோலிக்; இரண்டு தேக்கரண்டி போதும். ஆளி விதை எண்ணெயில் பாதிக்கு மேல் ஆல்ஃபா லினோலெனிக். அரைத் தேக்கரண்டிகூட வேண்டாம். தானியங்களிலும் கொட்டைகளிலும் வருவது இந்தக் கணக்கில் சேரவில்லை. அதிக ஓலிக் என்று அச்சிட்ட சூரியகாந்தி எண்ணெயில் மட்டும் லினோலிக் குறைவு. பெயர் ஒன்றுதான், உள்ளே இருப்பது வேறு.

இதயத்தைப் பற்றிக் கட்டுரையாளர் கவலைப்பட்டது நியாயம். அதைக் குறை சொல்ல மாட்டேன். நிறைவுற்ற கொழுப்பு, கெட்டது எனப்படும் எல்டிஎல் கொலஸ்ட்ராலை ஏற்றும் என்பது நன்றாக நிரூபணமானது. ஆனால் அதைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் எதை வைக்கிறோம் என்பதில்தான் பலன் இருக்கிறது. நிறைவுறாத எண்ணெயை வைத்தால் எல்டிஎல் இறங்கும். சர்க்கரையையும் வெள்ளை மாவையும் வைத்தால் இதயத்துக்கு ஒரு லாபமும் இல்லை, டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு ஏறுவதுதான் மிச்சம். எண்ணெயை முற்றாக விட்டவர் பசிக்கு வேறு எதைச் சாப்பிடுவார் என்று கட்டுரை யோசிக்கவே இல்லை. ஏ, டி, இ, கே வைட்டமின்கள் உடம்பில் ஏறக் கொழுப்பு வேண்டும் என்பதையும் அது விட்டுவிட்டது.

அடியோடு விட வேண்டிய கொழுப்பு ஒன்று உண்மையிலேயே இருக்கிறது, அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. எண்ணெயை ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு. வில்ஹெல்ம் நார்மன் என்ற ஜெர்மானியர் 1902இல் காப்புரிமை பெற்ற முறை அது. மலிவு, சீக்கிரம் காறாது என்பதால் உலகெங்கும் பரவியது. 1990இல் நெதர்லாந்தின் மென்சிங்க், காட்டன் இருவரும் அது எல்டிஎல்லை ஏற்றுவதோடு நல்லதான எச்டிஎல்லை இறக்கவும் செய்கிறது என்று காட்டினார்கள். 2003இல் டென்மார்க் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தியது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் எல்லா நாடுகளையும் அதை ஒழிக்கச் சொன்னது. பொட்டலத்தின் பின்பக்கத்தில் பகுதி ஹைட்ரஜனேற்றிய எண்ணெய் என்று இருந்தால் வாங்க வேண்டாம் என்று ஒரு வரி எழுதியிருந்தாலே எத்தனை பேருக்கு உதவியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதே பக்கத்தின் கீழ்ப்பாதியில் ஒமேகா-3 மாத்திரை விளம்பரம். மேலே கொழுப்பே வேண்டாம், கீழே காசு கொடுத்துக் கொழுப்பை வாங்குங்கள். வாசகர் எதை எடுத்துக்கொள்வார்? ஒமேகா-3 மாத்திரையைச் சோதித்து, 2018இல் முடிவு வெளியான வைட்டல் என்ற ஆய்வில் 25,000க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்றார்கள். அதில் தினம் ஒரு கிராம் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும், மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அதிக அளவில் எடுத்தால் இதயத் துடிப்பு சீர்கெடும் அபாயம் கூடுகிறது என்றும் வேறு ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. டிரைகிளிசரைடு மிக அதிகமாக உள்ளவருக்கு மருத்துவர் எழுதித் தருவது தனி விஷயம். சாப்பாட்டில் மீன் சேர்ப்பவர்களுக்கும், மீன் சாப்பிடாமல் ஆளி விதையோ வால்நட்டோ சேர்ப்பவர்களுக்கும் மாத்திரை வாங்கித்தான் ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

ஒமேகா-6 விஷம் என்று இப்போது ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது, நாளை அதுவும் உங்கள் பக்கத்துக்கு வரும் என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். லினோலிக் சாப்பிட்டால் அராக்கிடோனிக் கூடி உடம்பெங்கும் அழற்சி வரும் என்பது வாதம். உணவில் லினோலிக்கைக் கூட்டினாலும் இரத்தத்தில் அராக்கிடோனிக் அப்படி ஏறுவதில்லை. உடம்பு அதை இறுக்கமாகக் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறது. அமெரிக்க இதயச் சங்கம் 2009இல் ஒமேகா-6ஐக் குறைக்கச் சொல்லவில்லை, கலோரியில் 5 முதல் 10 விழுக்காடு வரை நல்லது என்றே சொன்னது.

இதயத்தைவிட எனக்குப் பெரிய கவலை குழந்தைகள். தாய்ப்பாலின் கலோரியில் ஏறக்குறைய பாதி கொழுப்பிலிருந்து வருகிறது. முதல் ஆறு மாதத்தில் 40 முதல் 60 விழுக்காடு கலோரி கொழுப்பாக இருக்க வேண்டும் என்கிறது நான் முன்பு சொன்ன அதே நிபுணர் குழு. மூளையும் கண்ணின் விழித்திரையும் டிஎச்ஏவைச் சேர்த்துச் சேர்த்து வளரும் காலம் அது. 1963இல் ஆரில்ட் ஹேன்சனும் குழுவினரும் நூற்றுக்கணக்கான பச்சிளங் குழந்தைகளைக் கவனித்தார்கள். லினோலிக் இல்லாத பால் கலவை குடித்த குழந்தைகளின் தோல் காய்ந்து உரிந்தது, லினோலிக் சேர்த்ததும் சரியாயிற்று. குழந்தைகளுக்கான பால் மாவுகளில் இன்று லினோலிக் கட்டாயம் இருப்பதற்கு இப்படிப்பட்ட ஆய்வுகள்தான் காரணம். வீட்டில் பெரியவருக்குச் சொன்ன அறிவுரையைக் கேட்டு, ஒன்றரை வயதுக் குழந்தையின் கிண்ணத்திலிருந்தும் எண்ணெயை எடுத்துவிடும் தாய்மார்கள் உண்டு. உங்கள் கட்டுரை யாருக்கானது என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

அடுத்த வாரம் அதே பக்கத்தில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். லினோலிக், ஆல்ஃபா லினோலெனிக் இரண்டையும் உடம்பு தயாரிக்காது என்பது அதில் இருக்க வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும், குடல் அல்லது ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் அந்தக் கட்டுரையின் அறிவுரை பொருந்தாது, அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கொழுப்பை நிறுத்தக் கூடாது என்பதும் இருக்க வேண்டும். கட்டுரை எந்தப் பக்கத்தில், எந்த எழுத்தளவில் வந்ததோ, திருத்தமும் அதே இடத்தில் அதே அளவில் வர வேண்டும். மூலையில் பொடி எழுத்தில் வந்தால் ஏற்கெனவே எண்ணெயை நிறுத்தியவர்களின் கண்ணில் அது படாது.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வு பெற்ற மருத்துவமனை ஆய்வகப் பணியாளர்